அண்ணன் போட்ட நாற்காலி

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன். துணி தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பர்மாக்காரர். வாசலில், சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, வேன் ஓட்டுகிறவர். துண்டு மடிக்கும் மேசையில் சீன அம்மா. ரோலருக்கு அந்தப் பக்கம் மலாய் அக்கா. இந்த நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்புறம் பாய்லர் பார்க்கிற மாமா, கிழிசல் தைக்கிற தையல் அக்கா, நான். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மேசைக்குப் பின்னால் கணக்கு எழுதும் அண்ணி. நடுவில் அண்ணன். அவருக்கு எதிரே, கையில் கோப்போடு, தொழிலாளர் இலாகாவிலிருந்து வந்த ஆபீசர்.

நாற்காலியைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணன் வீட்டில் விசேஷத்துக்கு என்று அடுக்கி வைத்திருப்பவை. அன்று காலையில் மூன்றை வேனில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். என்னுடையதைத் தோளில் கிடந்த துண்டால் அவரே துடைத்தார். “உக்காரும்மா” என்றார். அண்ணி பால் விடாத டீ, தே ஓ, கலக்கிக் கையில் கொடுத்தார். அந்தக் கட்டடத்துக்குள் பதினோரு வருஷம் நின்றவள் நான். கால் வீங்கினால் கம்பியில் சாய்ந்துகொள்வேன், அவ்வளவுதான். வேலை நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. முதுகைச் சாய்க்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை மறைத்துவிட்டு எழுதினால் மற்றது எதை எழுதியும் பயனில்லை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. கல்யாணம் ஆகித் தீவுக்கு வந்தேன். சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் அண்ணனின் டோபி என்கிற சலவைக்கடை. ஊருக்குள் இருக்கிற சின்ன ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். எனக்கு ரோலர் வேலை. ஈர விரிப்பின் இரண்டு மூலையை நான் பிடிப்பேன். இரண்டு மூலையை மலாய் அக்கா பிடிப்பார். உதறி, இழுத்து, சூட்டு ரோலருக்குள் விடுவோம். மறுபக்கம் காய்ந்து வரும். அதை மடிக்க நாங்கள் ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். மூலையோடு மூலை சேரும்போது அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அப்படி. என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் அத்தனை தடவை பார்த்ததில்லை.

அண்ணன் என் கூடப் பிறந்தவர் இல்லை. அவர் முதலாளி. வேலைக்குச் சேர்ந்த அன்று “தவுக்கே” என்று கூப்பிட்டேன். இங்கே முதலாளியை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “தவுக்கேன்னு கூப்பிடாதம்மா, தொப்ப வச்ச மாதிரி இருக்கு. அண்ணேன்னு கூப்பிடு” என்றார். தொப்பை அப்போதே இருந்தது. நான் சொல்லவில்லை. அண்ணே என்றே கூப்பிட்டேன்.

நான்காவது வருஷம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். சிறுநீரகம் கெட்டு, மூன்று மாதம் படுத்து, போனார். அண்ணன் டோபியை இரண்டு நாள் பூட்டினார். ஹோட்டல்காரர்கள் போனில் கத்தினார்கள். “சாவு வீட்ல இருக்கேன் லா. உங்க பெட்ஷீட்டு ரெண்டு நாள் தூங்கட்டும்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பாடை தூக்கும்போது முன்பக்கம் அவர் தோள் இருந்தது. அவரை அதற்கு யாரும் கூப்பிடவில்லை. தானாக வந்தார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து என் மகள் பெரியவளானாள். சடங்கில் தாய்மாமன் சீர் வர வேண்டும். மாமன் கொண்டுவரும் சேலை, மாமன் போடும் மாலை. எனக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. சீர் இல்லாமலே முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தையல் அக்காதான் சொல்லியிருக்க வேண்டும். அடுக்குமாடி மண்டபத்தில் பெண்ணை மணையில் உட்கார வைத்த நேரம், கீழே வேன் வந்து நின்றது. அழுக்கு மூட்டை ஏற்றுகிற அதே வேன். அண்ணன் பட்டு வேட்டியில் இறங்கினார். பின்னால் அண்ணியும் அவர் பக்கத்துப் பெண்களும் தட்டு ஏந்தி வந்தார்கள். பதினோரு தட்டு. ஒரு தட்டில், பாலிக் புலாவில் இருக்கும் அவர் மாமனார் தோட்டத்து டுரியான் பழம். சடங்குச் சீரில் யாராவது டுரியான் வைப்பார்களா? மண்டபமே மணந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், அழுகை வந்துவிடும் என்று. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார். நடுவில் மகள். அவள் கழுத்தில் அண்ணன் மாலை போடுகிறார். ஓரத்தில் நான். அந்தப் படத்தைப் பெரிதாக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். அன்றிலிருந்து மகளுக்கு அவர் மாமா.

ஆகவே அவர் என் அண்ணன் என்பது முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் சுதாரித்திருப்பேன்.

அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி ஆக்கியது. அதுவரை எங்களுக்கு ஆயிரத்து இருநூறு. நோய்க்காலத்தில் மூடிக் கிடந்த ஹோட்டல்கள் அப்போதுதான் திறந்திருந்தன. செய்தி வந்த அன்று ஏழு பேரும் மூட்டைகள் மேல் சாய்ந்துகொண்டு பேசினோம். ஒரே அடியாக முந்நூறு வெள்ளி. சீன அம்மா இனிமேல் லாட்டரி வாங்க மாட்டேன் என்றார். மறுநாளே வாங்கினார். அண்ணன் மட்டும் பேச்சில் சேரவில்லை. ஹோட்டல்காரர்கள் ஒரு விரிப்புக்குக் கொடுக்கிற காசு ஏறவில்லை. ஏற்றிக் கேட்டால், கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் பெரிய டோபி வந்திருக்கிறது, அங்கே போடுகிறோம் என்று சொன்னார்கள். கரண்ட் ஏறியிருந்தது. சோப்பு ஏறியிருந்தது. அண்ணி கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அண்ணனுக்குக் கஷ்டம் இருந்தது. அது நாடகம் இல்லை. இதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் மூன்று பேரை மட்டும் தையல் மூலைக்குக் கூப்பிட்டார்.

“அஞ்சு பேருக்குக் கொறைவா ஆள் இருந்தா தவண குடுக்குறாங்க. உடனே ஏத்த வேணாம். நம்ம ஏழு பேரு. ஏழு பேருக்கும் ஏத்துனா நான் மூடணும். நீங்க மூணு பேரும் நம்ம சொந்தம், சும்மா ஒத்தாசைக்கு வரீங்கன்னு காட்டிக்கிட்டா, வேலக்காரங்க நாலே பேரு. என்ன சொல்றீங்க?”

பாய்லர் மாமா காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். “அப்ப நான் உங்களுக்கு என்ன மொற?”

“மாமா. இப்பவும் அப்படித்தானே கூப்பிடுறேன்.”

“பொண்ணு குடுத்த மாமாவா, பொண்ணு எடுத்த மாமாவா? ஆபீசர் கேட்டா வெவரமாச் சொல்லணுமில்ல?”

“நான் அண்ணிக்கு அக்கா லா” என்றார் தையல் அக்கா. “பாலிக் புலாவ் தோட்டத்துல எனக்கும் பங்கு உண்டு. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் யாரும் சண்டைக்கு வரக்கூடாது.”

அந்த வாரத்தில் அண்ணன் சிரித்தது அப்போதுதான். பிறகு என்னைப் பார்த்தார். “இவளுக்குப் பொய்யே வேணாம். சீர் செஞ்சவன் நானு. என் தங்கச்சிதான்.”

மற்ற நான்கு பேரிடம் அவர் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. மலாய் அக்காவை, சீன அம்மாவை எந்த முறை சொல்லிச் சொந்தம் என்பது? பர்மாக்காரருக்கு வேலை பெர்மிட் இருந்தது, அதில் அவர் வேலையாள் என்றே இருக்கும். வேன் ஓட்டுகிறவர் தமிழர்தான். ஆனால் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நம்பிச் சொல்கிற ஆள் இல்லை என்று அண்ணன் நினைத்தார். நம்பிக்கை இருந்தவர்களுக்குத்தான் அந்த மூன்று இடம். நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

மலாயில் அச்சடித்த கடுதாசி. இவருக்கு இன்ன உறவு, சம்பளம் இல்லாமல் அவ்வப்போது உதவிக்கு வருகிறேன் என்று இருந்தது. தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு மலாய் எனக்குப் படிக்கத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். தமிழில் போட்டேன். கையெழுத்து கோணலாக வந்துவிட்டது, இன்னொரு தடவை போடட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

சொந்தத்துக்குச் சேமநிதி பிடிக்க முடியாது, வேலையில் அடிபட்டால் காசு தரும் சொக்சோவும் இல்லை என்றார் அண்ணன். அதற்குப் பதிலாகக் கையில் ஆயிரத்து முந்நூறு கொடுத்தார். ஆயிரத்து இருநூறில் பிடித்தம் போகக் கிடைத்ததைவிட அது கூட. தவணை முடிந்து மற்ற நான்கு பேருக்கும் ஆயிரத்து ஐந்நூறு வந்த பிறகு, பிடித்தம் போக அவர்கள் கைக்கு வந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கைக்கு வருவதைத்தான் நான் பார்த்தேன். கைக்கு வராமல் என் பேரில் சேர வேண்டியது ஒன்று இருந்தது, அது நின்றுவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். தங்கச்சி கேட்கிற கேள்வியா அது?

ஆபீசர் வந்த நாளுக்குத் திரும்புகிறேன். அவர் மலாய்க்காரர். நடுத்தர வயசு. மரியாதையானவர். நின்றிருந்த நான்கு பேரிடம் பேர் கேட்டு, அடையாள அட்டை பார்த்து, எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார். இவர் யார் என்றார்.

“அடிக் சாயா” என்றார் அண்ணன். என் தங்கை.

அதை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் கேட்கிறது. யோசிக்கவில்லை. தடுமாறவில்லை. ஆபீசர் என் முன்கையைப் பார்த்தார். ரோலர் சுட்ட தழும்பு முழங்கை வரை கோடு கோடாக இருக்கும். இது என்ன என்றார். அண்ணன் முந்திக்கொண்டார். இவள் வந்தால் சும்மா உட்கார மாட்டாள், எதையாவது தொட்டுக்கொண்டே இருப்பாள் என்றார். நான் தலையாட்டினேன். ஆபீசர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் உண்மையைச் சொல்ல அவர் இடம் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் தே ஓவைக் குடித்தேன். அவர் எழுதினார்.

அவர் போனதும் நாற்காலிகள் வேனுக்குப் போயின. நான் ரோலருக்குப் போனேன். மலாய் அக்கா மூலையைப் பிடித்தார், உதறினார், இழுத்தார். மடிக்க நடந்து வரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது விரிப்பில் பேசினார். அவர் பேசுவது மலாய். நான் தமிழில் எழுதுகிறேன். “பதினோரு வருஷமா உன் எதிர்ல நிக்கிறேன். உனக்கு இவ்வளவு பெரிய அண்ணன் இருக்கான்னு சொல்லவே இல்லையே. அப்ப நான் யாரு?”

“நீ வேலக்காரி” என்றேன். “நீ நின்னுதான் ஆகணும்.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். துணி மடிப்பைத் தட்டும்போது வழக்கத்தைவிடப் பலமாகத் தட்டினார்.

மூன்று வருஷம் அப்படியே போயிற்று. தீபாவளிக்குச் சேலை, மகள் படிப்புக்குக் கொஞ்சம், டுரியான் காலத்தில் ஒரு கூடை. ஒரு தடவை ரோலரில் கை மாட்டி இரண்டு விரல் வெந்தது. கிளினிக்குக்கு அண்ணனே கூட்டிப்போனார். அங்கே வேலையில் பட்டதா என்று கேட்டார்கள். வீட்டில் இஸ்திரி போடும்போது என்று நானே சொன்னேன். அவர் சொல்லித் தரவில்லை. எனக்கே பழகிவிட்டது.

பிறகு சம்பளம் ஆயிரத்து எழுநூறு என்று அறிவிப்பு வந்தது. சின்ன இடங்களுக்கு மறுபடியும் கொஞ்சம் தவணை. தவணை முடிவதற்குள் இரண்டு ஹோட்டல் பெருநிலத்து டோபிக்குப் போய்விட்டன. அங்கே மெஷினே மடிக்கிறதாம். எங்களுக்கு வரும் மூட்டை பாதியானது. மத்தியானத்துக்கு மேல் ரோலரை அணைத்துவிட்டு நானும் மலாய் அக்காவும் சும்மா நிற்போம். நிற்பதற்குக் கூலி கொடுக்கிற இடம் நிலைக்காது. அது எனக்குத் தெரியும். யாராவது போக வேண்டியிருக்கும் என்றும் தெரியும். ஆனால் போகிறவள் நான் என்று நினைக்கவில்லை. என் பயமெல்லாம் மலாய் அக்காவைப் பற்றித்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் அண்ணன் வேனிலிருந்து ஒரு சிவப்பு நாற்காலியை இறக்கினார். மேசைக்கு முன்னால் போட்டார். துண்டால் துடைத்தார்.

“உக்காரும்மா.”

நாற்காலியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்தேன். அண்ணி தே ஓ கலக்கப் போனார், திரும்பி வரவில்லை.

“அந்த நாலு பேர நிறுத்த முடியாதும்மா. நிறுத்துனா நோட்டீஸ் குடுக்கணும். வருஷத்துக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுக் காசு குடுக்கணும். இல்லேன்னா லேபர் ஆபீசுக்குப் போயிருவாங்க. உனக்கு என்ன, நீ நம்ம வீட்டு ஆளு. நீ புரிஞ்சுக்குவே.”

“பதினாலு வருஷம் அண்ணே.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன். பதினாலு வருஷமா பழகுனவ. நீயே புரிஞ்சுக்கலேன்னா வேற யாரு புரிஞ்சுக்குவா?”

ஒரு கவரை நீட்டினார். அன்றைக்குச் சீர்த் தட்டை நீட்டியது போலவே, இரண்டு கையாலும். ஒரு மாதச் சம்பளம். பாய்லர் மாமாவுக்கும் தையல் அக்காவுக்கும் அடுத்தடுத்து அதே நாற்காலி. ஆபீசர் வந்த அன்று உட்கார்ந்து தே ஓ குடித்த மூன்று பேரும் ஒரே காலையில் வெளியே வந்தோம். நின்றிருந்த நான்கு பேரும் உள்ளே இருந்தார்கள். மலாய் அக்கா ஒரு விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சம்பளத்தை ஏற்றியதால்தான் உன் வேலை போயிற்று என்று அடுக்குமாடியில் சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏற்றாவிட்டால் அந்த நான்கு பேர் எப்படிப் பிழைப்பார்கள்? ஏற்றியதும் அண்ணனுக்கு மூச்சு முட்டியது, அதுவும் உண்மை. மூச்சு முட்டினால் ஏதாவது ஒன்றை இறக்கி வைக்கத்தான் வேண்டும். எதை இறக்குவது என்று பார்க்கும்போது, இறக்கினால் சத்தம் போடாத மூட்டை எதுவோ அதை இறக்கினார். அந்த மூட்டையை அப்படிக் கட்டி வைத்தவரும் அவர்தான். கட்டும்போது கயிறு பிடித்துக் கொடுத்தவள் நான்.

வேலை தேடினேன். ஐம்பத்து மூன்று வயசு. ஒரு சாப்பாட்டுக் கடையில் என் கையைப் பார்த்துவிட்டு, “ஆயிரத்து எழுநூறு குடுக்கணும்னா எளசாப் பாத்துத்தானே எடுப்போம் ஆன்ட்டி” என்றார்கள். நியாயமாகத்தான் சொன்னார்கள். நான்கு மாதம் அப்படி. மகளின் சம்பளத்தில் சாப்பிட்டேன். கடைசியில் ஓர் ஏஜெண்ட் மூலம் ஊருக்குள் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் பண்ணும் வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான். சம்பளம் ஆயிரத்து எழுநூறு. மாதம் முடிந்தால் சீட்டு வருகிறது. என் பேர், அதன் கீழே சேமநிதி, சொக்சோ. முதல் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எந்தச் சட்டத்தை ஏமாற்ற நான் கையெழுத்துப் போட்டேனோ அந்தச் சட்டம்தான் எனக்கு இப்போது சோறு போடுகிறது. விரிப்புகள் பெருநிலத்திலிருந்து மெஷின் மடித்து வருகின்றன. மூலைகள் சரியாகச் சேர்வதில்லை. கட்டிலில் நான் தனியாகத்தான் விரிக்கிறேன். இந்த மூலையை இழுத்துவிட்டு அந்த மூலைக்குச் சுற்றி நடக்க வேண்டும். இங்கே யாரும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை. நல்லது.

லேபர் ஆபீசுக்குப் போகச் சொன்னது மலாய் அக்காதான். பதினான்கு வருஷத்துக்கு உள்ள காசைக் கேள் என்றார். தையல் அக்கா வர மறுத்துவிட்டார். “அண்ணன் மேல கேஸ் போடுறியா? ஒன் வீட்டுக்காரர் பாடைய தூக்குன தோளு” என்றார். பாய்லர் மாமா சுங்கை பாக்காப்பில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் மட்டும் எழுதிக் கொடுத்தேன். முடிவு இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். முடிவுக்காக இதை எழுதவில்லை.

எழுதிக் கொடுத்த வாரம் அண்ணன் போன் செய்தார். கோபமில்லை. குரல் தணிந்துதான் இருந்தது.

“சடங்குக்கு நான் வந்து நின்னது மறந்துட்டியாம்மா?”

“மறக்கல அண்ணே.”

“சரி. எனக்கும் மறக்கல.”

அவர் எதற்காக அதைச் சொன்னார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

ஆபீஸில் விசாரணைக்குக் கூப்பிட்ட நாள் மலாய் அக்கா லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். சாட்சி சொல்கிறேன் என்றார். வாசலில் நிறுத்தினேன். சொன்னால் அவர் வேலை போய்விடும். “நீ போ. ரோலர்ல ஆள் இல்ல” என்றேன். இப்போது எதிர்ப்பக்கம் வேன் ஓட்டுகிறவர்தான் மூலை பிடிக்கிறாராம், ஒரு மடிப்பும் நேராக வருவதில்லையாம். “அவன் மூஞ்சிய முந்நூறு தடவ பாக்கணும்” என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்.

உள்ளே ஒரு சின்னப் பெண். தமிழ்ப் பெண். என் மகளைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். “உக்காருங்க ஆன்ட்டி” என்று நாற்காலியைக் காட்டினாள். நீலநிற இரும்பு நாற்காலி. உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்தாள். மேலே நான் கையெழுத்துப் போட்ட கடுதாசி.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“சம்பளம் இல்லாம ஒத்தாசைக்கு வந்தீங்கன்னு இருக்கு. அவங்களும் அப்படித்தான் பதில் குடுத்துருக்காங்க. அப்பப்ப குடுத்த காசு தங்கச்சிக்கு அண்ணன் செஞ்ச உதவின்னு எழுதியிருக்காங்க.” ஒரு தாளைப் புரட்டினாள். “சொந்தம்ங்கிறதுக்கு இதையும் வச்சிருக்காங்க.”

அந்தப் படம். நடுவில் என் மகள். அவள் கழுத்துக்கு மேல் அண்ணனின் கையும் மாலையும். ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நான். நகல் எடுத்ததில் எல்லாருடைய முகமும் கறுத்திருந்தது. கீழே மலாயில் ஒரு வரி. குடும்ப நிகழ்ச்சி, தங்கையின் மகள். மூலையில் இலாகாவின் முத்திரை விழுந்து, ஒரு தட்டை மறைத்திருந்தது.

வேலையை எடுத்ததைத் தாங்கிக்கொண்டேன். பதினான்கு வருஷத்தை உதவி என்று எழுதியதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்தச் சீரை அவர் மனசாரத்தான் செய்தார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. மனசாரச் செய்ததை எடுத்துவந்து இந்தக் கோப்பில் சொருகியிருக்கிறார். ஒன்று நான் அவர் என் அண்ணன் என்று சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும். அல்லது என் மகளுக்கு மாலை போட்டது யாரோ ஒரு ஆள் என்று சொல்ல வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு ஒன்று போய்விடும். அதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

“சொல்லுங்க ஆன்ட்டி. இவரு உங்க அண்ணனா? இல்லேன்னா இல்லேன்னு எழுதிக்கிறேன். ஆனா நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது பொய்னு ஆயிடும். அதையும் சேத்துத்தான் எழுதணும்.”

அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரிலும் இருந்தது. அன்று சாயங்காலம் போய் நானே கழற்றினேன். ஆணி மட்டும் இருக்கிறது.

“எழுதுங்க” என்றேன். “அவரு எனக்கு முதலாளி.”

அவரை அந்தச் சொல்லால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எழுதினாள். பேனாவை நிமிர்த்தினாள்.

“அங்க மொத்தம் எத்தன பேரு வேல செஞ்சீங்க?”

நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவள் ஏன் என்பது போலப் பார்த்தாள். எனக்கு நின்றுகொண்டு சொல்ல வேண்டும் போல இருந்தது. கையை மேசைமேல் வைத்து விரல் விட்டேன். பர்மாக்காரர். வேன் ஓட்டுகிறவர். சீன அம்மா. மலாய் அக்கா. பாய்லர் மாமா. தையல் அக்கா. நான்.

ஏழு.